எண் காட்டாத ரீல்

ஹ்விடோவ்ரே,
12.10.1986

அன்பு மகன் லோரன்ஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். யேசுவின் இரக்கத்தால் நீ அங்கே காய்ச்சல் தடிமன் எதுவும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்து எழும்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். நாங்களும் இங்கே சுகமாக இருக்கிறோம் என்ற வரியை அடுத்ததாக எழுத வேண்டும், ஏழு மாதமாக அதை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, இன்றைக்கு அதை எழுதப் பஞ்சியாக இருக்கிறது மகன். நீ அனுப்பிய கடிதமும் அந்தப் பெரிய கற்றலொக் புத்தகமும் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசித்தேன். நீ வேலை செய்யும் அந்த ஏரிக்கரை விடுதியின் முதலாளி உனக்குக் கற்றலொக்கைத் தந்து, அப்பாவுக்கு எது பொருத்தம் என்று கேட்டு எழுதச் சொன்னார் என்பது பெரிய மனது. நீ சிவப்புப் பேனையால் வட்டம் போட்ட மூன்று தூண்டில் ரீல்களையும் பார்த்தேன். நூல் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று அதன் முதுகில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் எண் ஓடும், பட்டனை அமத்தினால் திரும்பப் பூச்சியத்துக்கு வரும், அங்கே வோல்ஐ என்ற மீனுக்கு எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், அப்பாவுக்கு எந்தச் சைஸ் வேண்டும், கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். டென்மார்க் போன பிறகு அப்பாவின் கையெழுத்துத் திருந்திவிட்டது என்றும் எழுதியிருந்தாய். நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன், ஆனால் ஒழுங்காக முதலில் இருந்து எழுதினால்தான் உனக்கு விளங்கும், ஆகவே எங்கேயாவது இருந்துகொண்டு வாசி, வேலைக்கு இடையில் நின்றுகொண்டு வாசிக்காதே.

கைப்பிடி இடப்பக்கம் வேண்டும். ஏனென்றால் அப்பாவுக்கு வலது கை வேலை செய்யாது. மார்ச் மாதம் எட்டாம் திகதி காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் போனவர் அப்படியே மேசையில் சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் இரத்தம் அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். கால் இப்போது பரவாயில்லை, தடி பிடித்து இழுத்து இழுத்து நடக்கிறார், சாப்பாடு இடக்கையால் தானே சாப்பிடுகிறார், உயிருக்கு ஒன்றுமில்லை, இதை முதலில் வாசித்துவிட்டு மூச்சை விடு. உனக்கு ஏன் சொல்லவில்லை என்று நீ கோபிப்பாய். அகதிக் கேஸ் முடியுமுன் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே எடுக்கமாட்டார்கள் என்று நீயேதான் மாசி மாதக் கடிதத்தில் எழுதினாய். உன்னை எனக்குத் தெரியும், கேட்ட அன்றே விமானத்தில் ஏறுகிற பிள்ளை நீ. இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தபோதும் அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொன்னேன், அவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். உன் குரல் வெளியே கேட்டிருக்கும். நான் றிசீவரை வைத்த பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார், பேச்சு இருந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பார்.

அதுதான் மகன் பெரிய விஷயம். பேச்சுப் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்குகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, சொல் மட்டும் வெளியே வராது. பேச்சுப் பழக்குவதற்கு ஒரு டெனிஷ் பெண் கிழமைக்கு இரண்டு நாள் வந்தாள், நல்ல பிள்ளை, படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்டாள், ஆனால் டெனிஷில் அல்லவா கேட்கிறாள், வாய் நன்றாக இருந்தபோதே அவருக்கு அந்தப் பாஷையில் நன்றி என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை. செலீனா பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தகப்பனுக்கு முன்னால் இருந்து இது கோப்பை, இது கதவு என்று சொல்லிக் கொடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, குசினிக்குப் போய்விடுவேன். பாட்டு, செபம், எண் இந்த மாதிரி வாயில் ஊறியவை சிலருக்கு முதலில் திரும்பி வரும் என்று அந்த டெனிஷ் பெண் சொல்லிவிட்டுப் போனாள். சரியென்று நான் செபமாலையை எடுத்தேன். ஒவ்வொரு பின்னேரமும் ஐம்பத்து மூன்று மணியும் நான் ஒருத்திதான் சொல்லி முடித்தேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாதாவோடும் கோபம், அவரோடும் கோபம். காலையில் நாலரைக்கு எழும்பி வயோதிபர் இல்லத்தில் நிலம் துடைத்துவிட்டு வந்து, வீட்டிலும் பேசாத ஒரு மனிதரோடு பின்னேரம் முழுவதும் இருப்பது எப்படி என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. களைத்துப் போனேன், அவ்வளவுதான்.

அப்பா ஒரு டெனிஷ்காரரோடு மீன்பிடிக்கப் போகிறார் என்று ஓகஸ்ட் மாதம் எழுதினேனே, அது பொய்யில்லை, பாதி உண்மை. கீழ்வீட்டில் ஸ்வென் என்று ஒருவர் இருக்கிறார், கட்டட வேலை செய்து இளைப்பாறியவர், முதுகு நோய்க்காரர். அவர் தன் காரின் மேல் தூண்டில் தடிகளைக் கட்டுவதை அப்பா யன்னலால் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டிருக்கிறார். ஒரு ஞாயிறு வந்து கதவைத் தட்டி, வா என்று கையால் காட்டினார். சோறோ என்று ஒரு ஊர், பெயரைக் கேட்டதும் செலீனா சிரி சிரியென்று சிரித்தாள், அங்கே ஏரிக்கரையில் அவருக்கு ஒரு சின்னக் குடிலும் ஒரு படகும் இருக்கின்றன. இங்கே சாண்டார்ட் என்று ஒரு மீன். நீ அனுப்பிய வோல்ஐ படத்தைப் பார்த்தேன், இரண்டும் சொந்தக்காரர் போலத்தான் இருக்கின்றன, அதே பூஞ்சைக் கண். படகை மெதுவாக வலித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் நீளமாக விட்ட தங்கூசி நூலின் நுனியில் மீன் மாதிரிச் செய்த ஒன்று தண்ணீருக்குள் முங்கி ஓடி வரும், நூல் நீளமாகப் போகப் போக அது ஆழமாகப் போகும். ஆனால் யார் வலிப்பது. ஸ்வென்னுக்கு முதுகு, அப்பாவுக்குக் கை. கடைசியில் துடுப்புத் தண்டு இரண்டும் என் கையில் வந்தன. நினைத்துப் பார் மகன், நம் ஊர் பேசாலையில் இருபத்தைந்து வருடம் தன் வள்ளத்தில் என்னைக் காலடி வைக்க விடாத மனிதர், பெண் ஏறினால் மீன் படாது என்ற சாதி மனிதர், இப்போது படகின் பின்னால், பின்னணியத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருக்கிறார், நான் வலிக்கிறேன். தண்டு வலிப்பவர் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம், அதனால் மூன்று மணித்தியாலம் நானும் அவரும் முகத்துக்கு முகம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை.

முதல் நாள் இருபது விடு என்று ஸ்வென் கரையில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஃபவ்ன் என்றார். இரண்டு கையையும் நீட்டி அளப்பது எங்கள் பாகம்தான், அவர்களும் அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். கட்டிப்பிடிக்க நீட்டும் கைக்கும் அதே சொல்தான் என்று செலீனா பிறகு சொன்னாள். நான் தண்டை வைத்துவிட்டு, நூலைக் கைக்குக் கை நீட்டி இழுத்துத் தண்ணீரில் விட்டேன், மனதுக்குள்தான் எண்ணினேன். ஏழாவது பாகத்தில் யாரோ ஏழு என்று சொன்னது கேட்டது. நிமிர்ந்தேன். அப்பாவின் வாய் கோணிக்கொண்டு எட்டு என்றது. என் கையிலிருந்து நூல் நழுவிவிட்டது. திரும்ப முதலில் இருந்து அளந்தேன், ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று இருபது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல், கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அவருடைய குரல்தான். நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. செபத்துக்கு வராத வாய் தங்கூசி நூலுக்கு வந்ததே என்று கொஞ்சம் எரிச்சலும் பட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசை முடிந்ததும் அங்கேதான் ஓட்டம். ஆனால் ஐந்து ஞாயிறு ஒரு மீன்கூடப் படவில்லை. அதைவிட மோசம், இருபது வந்ததும் இவர் இடக்கையால் படகின் விளிம்பை அடிப்பார். முகம் சிவந்துவிடும். வீட்டுக்குப் போகக் கேட்கிறார் என்று நினைத்து உடனே கரைக்குத் திருப்புவேன், அவர் இன்னும் பலமாக அடிப்பார். ஒரு நாள் எனக்கும் விசர் வந்துவிட்டது. தோள் இரண்டும் இறங்கிப் போகிற மாதிரி நோகிறது, மழை வேறு தூறுகிறது, நானும் மனுசிதானே, இனி இந்தப் பக்கம் உங்களைக் கூட்டி வரமாட்டேன், யன்னலடியிலேயே இருங்கோ என்று நடு ஏரியில் வைத்துக் கத்திவிட்டேன். தூரத்துப் படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடிப்பதை நிறுத்தினார். கண்ணை மூடினார், தொண்டைக்குள் ஏதோ உருண்டது, பிறகு சொன்னார்,

"காணாது."

எண் இல்லாத முதல் சொல். எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. உன் அப்பா ஆறடி உயரம், அவர் கையை விரித்தால் வீட்டுக் கதவு காணாது. நான் அவர் நெஞ்சளவு. அவருடைய பாகத்துக்கு என்னுடையது ஒரு சாண் கட்டை. இருபது பாகத்துக்கு இருபது சாண், என் கையில் அது ஏறக்குறைய மூன்று பாகம். ஐந்து கிழமையாக நான் விட்ட நூல் மீன் நிற்கும் ஆழத்துக்குப் போகவேயில்லை, அது அவருக்குப் பார்த்த பார்வையில் தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் முடியவில்லை. இப்படி ஒரு பிழையை எந்தத் துரை கண்டுபிடிப்பான். அன்றைக்கு இன்னும் மூன்று பாகம் விட்டேன், இருபத்தொண்டு, இருபத்திரெண்டு, இருபத்திமூண்டு என்று எண்ணி முடித்துக் கையை மடியில் வைத்தார். அரை மணித்தியாலத்தில் மூன்று கிலோ மீன் ஒன்று பட்டது. ஸ்வென் கரையில் தொப்பியை எடுத்து ஆட்டினார். தலையைச் சொதியும் மற்றதைப் பொரியலும் வைத்தேன், அப்பா முள்ளை எடுத்து வைக்கும் அழகைப் பார்த்துவிட்டுச் செலீனா கூட டெனிஷை விட்டுத் தமிழில் கதைத்தாள்.

இப்போது நீ சொல்லும் ரீலுக்கு வருகிறேன். உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குச் சந்தோசம். கை நோக நூல் அளக்கத் தேவையில்லை, கட்டைப் பாகம் நெட்டைப் பாகம் என்ற வழக்கும் இல்லை, எண் சரியாக வரும், நான் பேசாமல் வலிக்கலாம் என்று நினைத்தேன். ஸ்வென்னிடம் கற்றலொக்கைக் காட்டினேன். தன் தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அப்படி ஒன்று இருக்கிறது, வாங்கும் முன் பாவித்துப் பார்க்கலாம் என்று போன வியாழக்கிழமை அதைத் தேடி எடுத்துத் துடைத்துத் தந்தார். சுற்றில் நூல் நிறைய இருந்தால்தான் எண் சரியாக இருக்கும், குறைந்தால் பிழை சொல்லும் என்று விளக்கினார். அது அடிக் கணக்கு, செலீனா அப்பாவின் பாகத்தை அடியாக்கி நூற்றிப் பதினைந்து என்று ஒரு கடதாசியில் எழுதித் தந்தாள். ஞாயிறு வரை பொறுக்காமல் நேற்றுச் சனிக்கிழமையே போனோம். பட்டனை அமத்தினேன், பூச்சியம் வந்தது, படகை வலித்தேன், நூல் தானாக ஓடியது, நூற்றிப் பதினைந்தில் பூட்டினேன். இரண்டு மீன் பட்டன. கைப்பிடி வலப்பக்கம் என்றபடியால் இரண்டையும் நான்தான் எழும்பிப் போய்ச் சுற்றி எடுத்தேன், அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் வரைக்கும் ஏரியில் இருந்தோம். திரும்பி வரும்போது கார் எங்கள் ஊரை நெருங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, அன்றைக்கு முழுவதும் அவர் வாயே திறக்கவில்லை. எண்ண வேண்டிய வேலை இல்லையே. வீட்டுக்கு வந்தும் இல்லை, இரவுச் சாப்பாட்டிலும் இல்லை, கறியில் உப்புக் குறைவாகப் போட்டேன், அதற்காவது காணாது என்று சொல்வார் என்று பார்த்தேன், பேசாமல் சாப்பிட்டார்.

ஆகவே மகன், எண் காட்டும் ரீல் வேண்டாம். உன் முதலாளி நல்லது என்று சொல்வது சரிதான், மீனுக்கு அது நல்லதுதான். எங்களுக்கு இடக்கையால் சுற்றும் சாதாரண ரீல் ஒன்று அனுப்பு. தடியைப் படகில் பூட்டிவிடுவோம், அவர் ஒரு கையால் சுற்றினால் போதும். உருண்டை ரீலில் இடக்கைப்பிடி கிடைப்பது அருமை, கற்றலொக்கின் பின்பக்கங்களில் பார்க்கச் சொல் என்கிறார் ஸ்வென். நீ வட்டம் போட்டதில் நடுச் சைஸ் காணும், பெரியது கனம். கைப்பிடிக் குமிழ் பெரிதாக இருக்கட்டும், அவர் விரல் சின்னதைப் பிடிக்காது. மீன் இழுத்தால் கிர்ரென்று சத்தம் போடும் சாதனம் இருக்க வேண்டும், அந்தச் சத்தத்துக்கு அவர் நிமிர்ந்து இருப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. நூலை நான் அளப்பேன், தோள் நொந்தால் நோகட்டும். இருபத்திமூன்று பாகம், நாளுக்கு ஏழெட்டுத் தரம், அத்தனை தரமும் அவர் எண்ண வேண்டும். எண்களுக்கு இடையில் இன்னொரு சொல் எப்போதாவது விழும். இந்தக் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும் என்கிறார்கள், அதுதான் எனக்குப் பயம். அப்போது சாறித் துணியையாவது அளந்துகொண்டிருப்பேன்.

மற்றப்படி செலீனா வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், வாய்தான் நீளம். நீக்கிலாஸ் மாமாவிடமிருந்து பேசாலையால் மூன்று மாதமாகக் கடிதம் இல்லை, உனக்கு ஏதாவது வந்தால் உடனே எழுது. அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் விக்ரோரியா அக்கா போன கிழமை வந்து ஆட்டிறைச்சிக் கறி தந்துவிட்டுப் போனாள், உன்னைக் கேட்டாள். உன் ஊரில் இப்பவே பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், காதை மூடித் தொப்பி போடு, உறைந்த ஏரிக்கு மேல் மற்றவன் நடக்கிறான் என்று நீயும் நடக்காதே. சமையலறையில் நிற்கிறாய் என்பதற்காகத் தின்றதும் தின்னாததுமாக ஓடித் திரியாதே. குளிசை தேவையில்லாமல் விழுங்காதே.

இதை வாசித்துவிட்டு வெளிக்கிடக்கூடாது. தை மாதம் உன் விசாரணை முடியட்டும், கடதாசி கையில் வரட்டும், பிறகு வா. இவ்வளவு நாள் மறைத்ததற்கு என்னைத் திட்டிக் கடிதம் எழுது, நான் வாசிக்கிறேன், ஆனால் வராதே. ரெலிபோன் எடு. இனி அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொல்லமாட்டேன், றிசீவரை அவர் காதில் வைப்பேன். நீ ஒண்டு, ரெண்டு என்று தொடங்கு, அவர் தொடர்வார். மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக. ஞாயிறு பூசையை விடாதே, உன் விசாரணைக் கடதாசிகளை ஈரம் படாத இடத்தில் வை.

ஒரு விஷயம் மிச்சம். உனக்கு வந்த கடிதங்களின் கடைசியில் அப்பாவின் ஆசீர் என்று இருந்ததல்லவா, பங்குனியிலிருந்து வந்த ஏழும் நான் எழுதியவை. அதனால்தான் கையெழுத்துத் திருந்திவிட்டது. இந்தக் கடிதத்தை முழுவதும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் வழமை போல அந்த வரியை நானே எழுதப் பேனையை வைத்தேன். அவர் இடக்கையால் மேசையை ஒரு தரம் அடித்து, காணாது என்றார். பேனையைப் பறித்துக்கொண்டார். கால் மணித்தியாலம் எடுத்தது. கீழே இருப்பதைப் பிள்ளை கீறியது என்று நினைத்துவிடாதே.

அன்பு அம்மா,
யே. லூர்தம்மா

அ ப் பா